லேப்டாப்புக்கு ராம் வாங்கும்போது அந்த 'எல்' எழுத்தைத் தேடுங்கள்

போன வாரம் கல்லூரிப் பையன் ஒருவன் என் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வந்தான். அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் ஒரு கையில், ஆன்லைனில் வாங்கிய 8 ஜிபி ராம் இன்னொரு கையில். "அண்ணா, ராம் போட்டேன், திரையே வரல. மதர்போர்டு போயிடுச்சா?" என்று கேட்கும்போதே குரல் உடைந்தது. ராமின் ஸ்டிக்கரைப் பார்த்தேன். 2015-ல் நான் செய்த அதே தவறு.

டெஸ்க்டாப் ராமை லேப்டாப்புக்கு வாங்குவது, டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5-ஐ நுழைக்கப் பார்ப்பது (டிடிஆருக்குப் பின்னால் வரும் எண் ராமின் தலைமுறை) பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அளவோ, ராமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமோ மாறுவதால் அவை உள்ளேயே போகாது. அழகாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யாத ராம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

டிடிஆர்3-ம் டிடிஆர்3எல்-ம் ஒன்று என்று நம்புவது

சாதாரண டிடிஆர்3 ராமுக்கு 1.5 வோல்ட் வேண்டும். டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலேயே ஓடும். அந்த 'எல்' குறைந்த மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. இரண்டுக்கும் 204 பின்கள், வெட்டும் ஒரே இடத்தில். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். டிடிஆர்3எல் ராம் 1.35, 1.5 இரண்டிலும் ஓடும். அதனால் பழைய லேப்டாப்பில் எல் ராம் போடலாம். எல் மட்டும் கேட்கிற லேப்டாப்பில் சாதாரண ராம் போடக் கூடாது.

இன்டெல் மூன்றாம் தலைமுறை லேப்டாப்புகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். 2013-ல் நான்காம் தலைமுறை வந்தபோது, ஐ3-4005யு, ஐ5-4200யு போன்ற பிராசஸர்கள் எல் ராமை மட்டுமே ஏற்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "என் ஃபிரெண்டு லேப்டாப்ல சாதா ராம்தான், நல்லா ஓடுது" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அந்த நண்பரின் லேப்டாப் மூன்றாம் தலைமுறையாக இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொழில் பழகிய புதிது. வாடிக்கையாளர் ஒருவர் ஐ3-4005யு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். நான் கடையில் போய் "8 ஜிபி, டிடிஆர்3, 1600" என்று மட்டும் கேட்டேன். கொடுத்தார்கள். காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. கழற்றினால் பழைய ராமில் நன்றாக ஓடுகிறது. இரண்டாவது ஸ்லாட் பழுது என்று முடிவு கட்டினேன். ஸ்லாட்டைச் சுத்தம் செய்தேன், பயாஸை (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தேன், மூன்று நாள் போனது. கடைசியில் அவரிடம் "போர்டுல பிரச்சினை சார்" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் என்னை நம்பி, நல்ல மதர்போர்டை வெளியூருக்கு அனுப்பிச் செலவு செய்தார். அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் போனில் ஒரே வரியில் முடித்தார்: "ஸ்டிக்கர்ல எல் இல்லையே தம்பி."

ராம் பணம் என் கையை விட்டுப் போனது. பாக்கெட்டைப் பிரித்ததால் கடையில் திரும்ப வாங்கவில்லை. அதைக்கூட மறந்துவிடலாம். ஒருவருடைய நல்ல போர்டைக் கெட்டுப்போனது என்று சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. அதனால்தான் யாராவது கவுன்ட்டரில் நின்றுகொண்டு "ரெண்டும் ஒண்ணுதான் சார், தாராளமா போடுங்க" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஆன்லைனிலும் தலைப்பில் 'டிடிஆர்3/டிடிஆர்3எல்' என்று இரண்டையும் போட்டு விற்கிறார்கள். தலைப்பை நம்பாதீர்கள். படத்தைப் பெரிதாக்கி ஸ்டிக்கரைப் படியுங்கள். 'பிசி3எல்-12800எஸ்' என்றிருந்தால் எல் ராம். 'பிசி3-12800எஸ்' என்றிருந்தால் சாதாரணம். ஸ்டிக்கர் தெரிகிற படமே இல்லையென்றால் அங்கே வாங்க வேண்டாம்.

இன்னொன்று. எல் மட்டும் கேட்கிற சில லேப்டாப்புகளில் சாதாரண ராம் போட்டாலும் கிளம்பிவிடும். அது இன்னும் மோசம். பத்து நாள் கழித்து நீலத் திரை வரலாம், நீங்கள் விண்டோஸைக் குறை சொல்லிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

"கவர்மென்ட் லேப்டாப் ராம் குடுங்க"

அப்படி ஒரு ராம் கிடையாது. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. வருடத்துக்கு வருடம் கம்பெனியும் மாடலும் மாறியிருக்கின்றன. அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உள்ளே இருக்கும் பழைய ராமையும் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

ஸ்லாட்டே இல்லாத லேப்டாப்

மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். எல்பிடிடிஆர் (டிடிஆர்3எல் அல்ல, வேறு வகை ராம்) என்று குறிப்பிட்டிருந்தால் அநேகமாக மாற்ற வழியில்லை. ஆப்பிள் எம்1 முதல் வந்த மேக்புக்குகளில் ராம் பிராசஸரோடு ஒரே பொட்டலத்தில் இருக்கிறது. வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் போனால் எத்தனை ஸ்லாட் என்று காட்டும். ஆனால் சால்டர் செய்த ராமையும் அது சில சமயம் ஸ்லாட் கணக்கில் சேர்த்துவிடும். அங்கேயே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் அது போர்டில் ஒட்டிய ராம் என்று அர்த்தம். சந்தேகம் என்றால் மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கொடுங்கள்.

16 ஜிபி ஏற்கும் என்று ஒரே ஸ்டிக்காக வாங்குவது

ஐ3-4005யு 16 ஜிபி வரை ஏற்கும் என்று இன்டெல்லே சொல்கிறது. உண்மைதான், ஆனால் 8-ம் 8-மாக. அந்தத் தலைமுறை ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்கை ஏற்காது. ஸ்லாட் ஒன்றுதான் இருக்கிறது என்றால் உங்கள் எல்லை 8.

இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே அளவு போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரை வேலைக்கும் இதே ராம்தான். இரண்டு வழியாகத் தரவு போனால் வீடியோ எடிட்டிங்கிலும் கேமிலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வேகத்துக்குக் கூடுதல் பணம்

லேப்டாப் ஏற்கும் ராம் வேகம் 2400 என்றால், 3200 ராமும் 2400-ல்தான் ஓடும்.

32-பிட் விண்டோஸ்

4 ஜிபிக்கு மேல் பயன்படாது. முதலில் 64-பிட் ஏற்றுங்கள்.

பேட்டரி

இணைப்பைக் கழற்றாமல் ராமில் கை வைக்காதீர்கள்.

திரை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

புது ராம் போட்ட அன்று இரவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, விடியும் வரை ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் வேண்டாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும்.

அந்தப் பையனுக்குக் கெடு முடிய இரண்டு நாள் மீதி இருந்தது. கடையில் உட்கார்ந்தே திருப்பி அனுப்பப் பதிவு செய்தான். என்னிடம் இருந்த எல் ராம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். திரை வந்ததும் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டான்.