செனட்டுக்கு லீவா, லீவு மாதிரியா? அமெரிக்க நியமனச் சண்டையைப் படிக்க ஒரு வழி

அமெரிக்க அதிபர் செனட்டின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரைப் பதவியில் உட்காரவைத்துவிட்டார், அல்லது உட்காரவைப்பேன் என்று மிரட்டுகிறார் என்று செய்தி வந்தால் அன்று முழுக்க ஒரு பக்கம் 'சர்வாதிகாரம்' என்று கத்தும், மறுபக்கம் 'வேலை செய்யவிடாமல் முட்டுக்கட்டை போடுகிறார்கள்' என்று கத்தும். இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு காலண்டரை எடுங்கள். இந்தச் சண்டையில் பாதி விஷயம் தேதியில்தான் ஒளிந்திருக்கிறது.

அடிப்படை இதுதான். அமைச்சர்கள், தூதர்கள், நீதிபதிகள், வாரிய உறுப்பினர்கள் போன்ற பெரிய பதவிகளுக்கு அதிபர் பெயர் சொல்ல வேண்டும், செனட் ஒப்புதல் தர வேண்டும். ஆனால் செனட் விடுமுறையில் இருக்கும்போது காலியிடங்களை அதிபர் தானே நிரப்பலாம், அந்தப் பதவி செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரை செல்லும் என்று அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. செனட்டர்கள் குதிரையேறி ஊருக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாத காலத்துக்கு எழுதியது. முதல் அதிபர் வாஷிங்டனே 1795-ல் ஜான் ரட்லெஜைத் தலைமை நீதிபதியாக இப்படித்தான் நியமித்தார், டிசம்பரில் செனட் கூடி 14-க்கு 10 என்று அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஆக இந்த வழியும் பழசு, இதன்மேல் வரும் கோபமும் பழசு.

சரி, செய்தி வந்துவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது, செனட் உண்மையிலேயே விடுமுறையில் இருக்கிறதா என்பது. ஊரில் இல்லை என்பதும் விடுமுறையில் இருக்கிறது என்பதும் வேறு வேறு. செனட்டர்கள் கிளம்புவதற்கு முன் ஏகமனதாக ஒரு ஏற்பாட்டை நிறைவேற்றுவார்கள், இன்னின்ன தேதியில் இத்தனை மணிக்குப் 'ப்ரோ ஃபார்மா', அதாவது பேருக்கான, கூட்டம் என்று அதில் வரிசையாக இருக்கும், செனட்டின் இணையதளத்திலேயே கிடைக்கும். அந்தத் தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி என்று எண்ணுங்கள்.

ஒரு தடவையாவது அந்தக் கூட்டத்தின் வீடியோவைப் பாருங்கள். அவை காலி, நூறு மேசையும் வெறுமையாக இருக்கும். ஒரே ஒரு செனட்டர் தலைவர் நாற்காலியில் ஏறி சுத்தியலைத் தட்டுவார், இன்று இவர்தான் தலைமை தாங்குவார் என்று எழுத்தர் ஒரு கடிதத்தை வாசிப்பார், உடனே 'அவை வெள்ளிக்கிழமைவரை ஒத்திவைக்கப்படுகிறது' என்று சொல்லி மறுபடி ஒரு தட்டு. பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைப் பார்த்துச் சிரிப்பு வரும், ஆனால் அந்த இரண்டு தட்டுகளால்தான் அதிபரின் கை கட்டப்படுகிறது.

இதை ஆயுதமாக்கியவர் அப்போது செனட் பெரும்பான்மைத் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட். 2007 நவம்பரில், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் மேலும் யாரையும் இப்படி நியமிக்காமல் இருக்க மூன்று நாளுக்கு ஒருமுறை இந்தப் பேருக்கான கூட்டத்தை வைத்தார். அதற்குள் புஷ் 171 பேரை இந்த வழியில் போட்டிருந்தார், அதன்பிறகு ஒருவரைக்கூடப் போடவில்லை.

அடுத்து, சாவி யார் கையில் என்று பாருங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிரதிநிதிகள் சபையின் சம்மதம் இல்லாமல் செனட் மூன்று நாளுக்கு மேல் கலைந்து போக முடியாது. நியமனங்களில் பிரதிநிதிகள் சபைக்கு ஒரு ஓட்டுக்கூடக் கிடையாது, ஆனாலும் செனட்டை லீவு எடுக்கவிடாமல் செய்ய அதனால் முடியும்! 2011 கடைசியில் நடந்தது இதுதான். செனட் ஒபாமாவின் கட்சியிடம் இருந்தது, பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியிடம். கீழ்ச்சபை சம்மதம் தராததால், தன் கட்சி அதிபருக்கு எதிராகவே ரீட் தன் பழைய வித்தையை நடத்த வேண்டி வந்தது.

அந்த 2012-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள், எல்லாப் பாடமும் அதிலேயே இருக்கிறது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் தலைவராக ரிச்சர்ட் கார்ட்ரேயை ஒபாமா முன்மொழிந்திருந்தார். அதற்கு முன்பே, அந்த அமைப்பின் கட்டமைப்பை மாற்றாமல் யார் பெயர் வந்தாலும் விடமாட்டோம் என்று குடியரசுக் கட்சி செனட்டர்கள் 44 பேர் கடிதம் எழுதியிருந்தார்கள். அதாவது ஆளைப் பிடிக்காமல் மறித்த கதை இல்லை, அமைப்பையே பிடிக்கவில்லை. டிசம்பரில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 ஓட்டு தேவைப்பட்டது, 53 கிடைத்தது. அப்புறம் ஜனவரி 4-ம் தேதி, 3-ம் தேதியும் 6-ம் தேதியும் நடந்த இரண்டு 'ப்ரோ ஃபார்மா' கூட்டங்களுக்கு நடுவில், ஒபாமா கார்ட்ரேயையும் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்துக்கு மூன்று பேரையும் நியமித்துவிட்டார்.

ஏன் ஜனவரி 4? இங்கேதான் காலண்டர். புதிய கூட்டத்தொடர் ஜனவரி 3-ல் தொடங்கியது. ஜனவரி 2-ல் நியமித்திருந்தால் 'அடுத்த கூட்டத்தொடர்' என்பது 2012-ம் ஆண்டின் தொடராகவே இருந்திருக்கும். 4-ம் தேதி என்பதால் அது 2013 முடிவுவரை நீண்டது. இரண்டு நாள் பொறுத்ததற்கு ஒரு வருடம் லாபம். எந்த நியமனச் செய்தி வந்தாலும் இந்தக் கணக்கைப் போடுங்கள். இப்போது நடப்பது எந்தத் தொடர், அடுத்தது எப்போது முடியும் என்று பார்த்தால் போதும். ஜான் போல்டனை ஐ.நா. தூதராக புஷ் 2005 ஆகஸ்டில் போட்டார், 2006 டிசம்பரில் அவர் கிளம்பியதும் இதே கணக்குதான்.

அந்தச் சமயம் நான் ஒபாமா பக்கம் நின்று, முப்பது விநாடி நாடகத்துக்குப் பெயர் கூட்டமா என்று ஒரு நண்பரிடம் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டேன். 2014 ஜூன் 26-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, ஒன்பது நீதிபதிகளும் அந்தத் தொழிலாளர் வாரிய நியமனங்கள் செல்லாது என்றார்கள். நண்பர் ஒரே ஒரு சிரிப்புப் படம் அனுப்பினார், அவ்வளவுதான். வழக்குப் போட்டது வாஷிங்டன் மாநிலத்தில் பெப்சி பாட்டில் நிரப்பி விற்கும் நோயல் கேனிங் என்ற நிறுவனம். தொழிற்சங்கத்தோடு ஏற்பட்ட தகராறில் வாரியம் தனக்கு எதிராக முடிவு சொல்ல, அந்த வாரியத்தின் உறுப்பினர்களே ஒழுங்காக நியமிக்கப்பட்டவர்கள் இல்லை என்று போனார்கள். வாரியத்துக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், அவர்கள் செல்லாது என்றால் முடிவும் செல்லாது. நூற்றுக்கணக்கான முடிவுகள் ஆட்டம் கண்டன.

தீர்ப்பில் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பத்து நாளுக்குக் குறைந்த இடைவெளி பொதுவாகப் போதாது. இரண்டு, வேலை நடத்தும் திறன் கையில் இருக்கும்வரை, தான் கூடியிருப்பதாகச் செனட் சொன்னால் கூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். 'வேலை எதுவும் நடக்காது' என்று சொல்லிவிட்டு வைத்த கூட்டங்களில் ஒன்றில், டிசம்பர் 23-ம் தேதி, வரிச்சலுகையை நீட்டிக்கும் மசோதாவை ஏகமனதாக நிறைவேற்றியிருந்தார்கள், அது இந்த வாதத்துக்கு நன்றாகவே உதவியது. காரணங்களில் மட்டும் நீதிபதிகள் 5-4 என்று பிரிந்தார்கள். கூட்டத்தொடருக்கு நடுவே வரும் விடுமுறையும் கணக்கில் சேரும் என்றது பெரும்பான்மை, ஸ்காலியா தலைமையில் நால்வர் கூடாது என்றார்கள்.

இன்னொரு கேள்வி, பெயர் எங்கே சிக்கியது என்பது. குழுவிலா, ஒரு தனி செனட்டர் போட்ட தடையிலா, வாக்கெடுப்பிலா? 2013 நவம்பருக்கு முந்திய செய்திகளில் 60 என்ற எண்ணைத் தேடுங்கள், சிறுபான்மைக் கட்சி மறித்திருக்கும். அந்த மாதம் ரீட் விதியை மாற்றி, உச்ச நீதிமன்றம் தவிர மற்ற நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கினார், 2017-ல் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மெக்கானல் உச்ச நீதிமன்றத்துக்கும் அதையே செய்தார். ஆகவே அதற்குப் பிறகு, தன் கட்சியே செனட்டில் பெரும்பான்மையாக இருக்கும்போதும் ஒரு அதிபர் விடுமுறைக்கால நியமனம் கேட்டால், ஒன்று எதிர்க்கட்சி ஒவ்வொரு பெயருக்கும் நேரத்தைக் கரைக்கிறது, அல்லது சொந்தக் கட்சியிலேயே ஓட்டு இல்லை. இரண்டாவதுதான் சுவாரசியமானது, அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். 2017 ஆகஸ்டில் செனட்டும் டிரம்ப்பும் ஒரே கட்சி, இருந்தும் ஒன்பது 'ப்ரோ ஃபார்மா' கூட்டங்கள் குறிக்கப்பட்டன. 2024 நவம்பரில், செனட் தலைவராக விரும்புகிறவர் விடுமுறைக்கால நியமனத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று டிரம்ப் வெளிப்படையாகவே கேட்டார்.

யாருடைய பேச்சை நம்புவது என்று குழம்பினால் நான் செய்வது, பேசுகிறவர் 2005-லும் 2012-லும் என்ன சொன்னார் என்று தேடுவது. போல்டன் விஷயத்தில் கொதித்தவர்களில் பலர் கார்ட்ரே விஷயத்தில் சட்ட நுணுக்கம் பேசியிருப்பார்கள், எதிர்ப்பக்கமும் அப்படியே தலைகீழாக. வசனத்தாளைக் கைமாற்றிக்கொள்வது இவர்களுக்குப் புதிதில்லை.

அதிபரே இரு சபைகளையும் கலைத்து அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு வரியும் அரசியலமைப்பில் உண்டு, எப்போது கலைவது என்பதில் இரு சபைகளுக்கும் ஒத்துவராதபோது மட்டும். 2020 ஏப்ரலில் டிரம்ப் அதைச் சொல்லி மிரட்டினார். இதுவரை எந்த அதிபரும் பயன்படுத்தியதில்லை.

கடைசியாக எண்ணிக்கை. கிளிண்டன் 139, புஷ் 171, ஒபாமா 32, டிரம்ப்பின் முதல் நான்கு ஆண்டுகளிலும் பைடன் காலத்திலும் பூஜ்யம். நாற்காலிகள் காலியாகவே இருந்தன என்று நினைக்காதீர்கள். 1998-ல் வந்த காலியிடச் சட்டப்படி தற்காலிகப் பொறுப்பாளரை உட்காரவைக்கலாம், பொதுவான வரம்பு 210 நாள், பெயர் செனட்டில் நிலுவையில் இருந்தால் அதற்கு மேலும் நீளும். அதனால் விடுமுறைக்கால நியமனம் என்ற மிரட்டல் காதில் விழுந்ததும், அந்த நாற்காலியில் இப்போது 'பொறுப்பு' என்ற அடைமொழியோடு யார் உட்கார்ந்திருக்கிறார், எந்தத் தேதியிலிருந்து என்று முதலில் தேடிப் பாருங்கள்.