கம்பிக்குக் கீழே காய்ந்த புல்

எங்கள் தோட்டத்து மேட்டில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. மாசி பிறந்ததும் நான் முதலில் செய்வது, அதைச் சுற்றிப் 10 அடிக்குப் புல்லைச் செதுக்கி மண் தெரிய விடுவது. கலிபோர்னியாவில் ஃபியூஸ் உள்ள கம்பத்துக்கு இது சட்டமே. செதுக்கிய சருகை அங்கேயே குவிக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.

அப்புறம் காற்றடிக்கும்போது தள்ளி நின்று மேலே பாருங்கள். தொய்ந்த கம்பிகள் உரசினால் உருகிய அலுமினியத் துளி பொறியாய்ச் சிதறும். கீழே காய்ந்த கோரை இருந்தால் தீப்பிடிக்க அது போதும். ஒருமுறை என் வைக்கோல் போர் அப்படித்தான் போனது.

தொய்வையோ, கம்பியைத் தொடும் தென்னை மட்டையையோ கண்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். லைன்மேன் மின்சாரத்தை நிறுத்தாமல் அரிவாளை எடுக்காதீர்கள். ஈர மட்டையிலும் ஷாக் அடிக்கும்.