வீட்லயே பெரிய சைஸ் கறிக்கோழி உருவாக்கி வளர்க்கறது எப்படி

வீட்ல கோழி வளர்க்கறவங்க முக்கால்வாசி பேர் கேக்கற முதல் கேள்வி, என்ன தீவனம் போட்டா கோழி நல்லா பெருசா வரும்ங்கறதுதான். தீவனம் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல, ஆனா ஒன்றரைக் கிலோ வளரற வம்சத்துல பொறந்த குஞ்சுக்கு நீங்க என்னத்த கொட்டினாலும் அது கொழுப்பு வைக்குமே தவிர நாலு கிலோ ஆகாது. சைஸை முடிவு பண்றது, எந்தச் சேவலையும் எந்தப் பெட்டையையும் அடுத்த தலைமுறைக்குன்னு நிறுத்தி வெக்கறீங்கங்கறதுதான். நிறைய வீட்ல என்ன நடக்குதுன்னா, ஒரே செட்ல பொரிச்ச குஞ்சுங்கள்ல எது சீக்கிரம் வளர்ந்து தளதளன்னு நிக்குதோ அதுதான் முதல்ல அடுப்புக்குப் போகுது, கடைசில மிச்சம் நிக்கற நோஞ்சான் கோழிங்க ரெண்டு மூணுதான் முட்டை வெச்சு அதோட குஞ்சுங்க அடுத்த செட்டாகுது. இப்படியே சில தலைமுறை போனதும் இந்த இனமே சரியில்லைன்னு வேற குஞ்சு தேடிப் போறாங்க. இனம் என்ன பண்ணும், நல்லதை எல்லாம் நாமளே தின்னு தீர்த்தாச்சே.

சரி, முதல்ல எந்தக் கோழின்னு முடிவு பண்ணணும். பிராய்லர்னு நாம சொல்ற வெள்ளைக் கறிக்கோழி கார்னிஷ், வெள்ளை பிளிமத் ராக் இந்த மாதிரி இனங்கள்லேருந்து பல தலைமுறையா தனித்தனி வம்சமா பொறுக்கி எடுத்துக் கலந்த ஹைபிரிட், அதாவது கலப்பினம். 6லேருந்து 8 வாரத்துல 2, 3 கிலோ வந்துடும், வேகத்துல அதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா அதை வெச்சு வீட்ல வம்சம் வளர்க்க முடியாது, அப்படியே கஷ்டப்பட்டு முட்டை எடுத்துப் பொரிச்சாலும் குஞ்சுங்க ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு கலந்துகட்டி வரும், தாய் தகப்பன் மாதிரி இருக்காது. வாங்கி வளர்த்து அறுக்கறதுக்கு பிராய்லர் ஓகே. நாமளே பெருக்கணும்னா ஜெர்சி ஜெயன்ட், பிரம்மா, கார்னிஷ், பிளிமத் ராக், ஆர்பிங்டன், நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி கலப்பில்லாத பெரிய இனத்துக்குத்தான் போகணும். ஜெர்சி ஜெயன்ட் சேவல் முழுசா வளர்ந்தா கிட்டத்தட்ட 5.9 கிலோ, பெட்டை நாலரை கிலோ, பிரம்மா சேவல் அஞ்சரை கிலோ பக்கம் வரும்.

இதுல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க, ஜெர்சி ஜெயன்ட் முதல்ல எலும்புக்கூட்டைத்தான் கட்டும், சதை அப்புறம்தான் பிடிக்கும். ஆறு மாசத்துல பாத்தா உயரமா ஒட்டடைக் குச்சி மாதிரி நிக்கும், முழு எடைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகும், அதுவரைக்கும் தீவனம் தின்னுட்டேதான் இருக்கும். அவ்வளவு பொறுமை இல்லாதவங்க நியூ ஹாம்ப்ஷயர் இல்ல பிளிமத் ராக் எடுங்க, 4, 5 மாசத்துல நல்ல கறி கிடைக்கும். இல்ல, அகல நெஞ்சு இருக்கற கார்னிஷ் சேவலை பிளிமத் ராக் பெட்டையோட சேர்த்துப் பாருங்க, அந்த முதல் கலப்புக் குஞ்சுங்க நல்லாவே சதை பிடிக்கும், என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா கலப்புக் குஞ்சை மறுபடி வம்சத்துக்கு விடாதீங்க, ரெண்டு சுத்த இனத்தையும் தனித்தனியா வெச்சுகிட்டு கறிக்கு மட்டும் கலக்கணும்.

தாய்க்கோழி செட்டுக்கு வருவோம். சின்ன இனத்துல ஒரு சேவல் பத்துப் பன்னெண்டு பெட்டைய சமாளிக்கும், இந்த மாதிரி கனமான சேவலுக்கு 6லேருந்து 8 போதும். கொச்சின், பிரம்மா மாதிரி பெரிய இனங்களுக்கு பின்பக்கம் இறகு மெத்தை மாதிரி மூடியிருக்கும், அதனாலயே முட்டையில கரு பிடிக்காம போகும், ஆசனவாயைச் சுத்தி சேவலுக்கும் பெட்டைக்கும் ரெண்டுக்கும் இறகைக் கத்தரிச்சு விட்டா வித்தியாசம் தெரியும். சேவலோட முள்ளும் நகமும் கூரா வளர்ந்திருந்தா பெட்டையோட முதுகையும் விலாவையும் கிழிச்சுடும், நுனியை மட்டும் தேய்ச்சு மழுக்கி விடுங்க. சேவலை மாத்துறீங்கன்னா உடனே முட்டை எடுத்து வெக்காதீங்க, பழைய சேவலோட விந்து பெட்டைக்குள்ள ரெண்டு வாரத்துக்கு மேல உயிரோட இருக்கும், அதனால மூணு நாலு வாரம் விட்டு எடுத்தாதான் அது புதுச் சேவலோட குஞ்சுன்னு நம்பலாம். பரண் உயரமா வெக்கக்கூடாது, ஒரு ஒன்றரை அடிக்குள்ள போதும், கனமான கோழி உயரத்துலேருந்து குதிச்சுக் குதிச்சு பாதம் அடிபட்டு வீங்கி சீழ் வெச்சுடும்.

முட்டை எடுக்கறப்போ ரொம்ப சின்னதும் வேணாம், ரெண்டு கரு இருக்கற மாதிரி ராட்சச சைஸும் வேணாம். பொரிச்ச குஞ்சோட எடை முட்டை எடைல மூணுல ரெண்டு பங்கு இருக்கும், அதனால விடைக்கோழி வெக்கற முதல் முதல் குட்டி முட்டைங்களை சமையலுக்கு எடுத்துக்கங்க. கூர் முனை கீழ பாக்க, வெயில் படாத குளிர்ச்சியான இடத்துல முட்டைய வெச்சுக்கங்க, 13லேருந்து 16 டிகிரி செல்சியஸ் இருந்தா ரொம்ப நல்லது, ஒரு வாரத்துக்குள்ள அடை வெச்சுடணும். நாள் ஆக ஆக பொரிப்பு குறையும். அழுக்கு முட்டையைக் கழுவி வெக்கறதை விட ஒதுக்கிடறது மேல்.

அடைக்கோழி கிடைச்சா அதுக்கு மேல ஒரு மெஷினும் இல்ல, ஒரு பெரிய கோழி 10, 12 முட்டையை மூடும், ஆனா அஞ்சு கிலோ கோழி சில சமயம் முட்டைய மிதிச்சே உடைச்சுடும், அதனால கொஞ்சம் லேசான கோழியா பாத்து வைங்க. வம்சம் பொறுக்கணும்னா ஒரே நாள்ல நிறைய குஞ்சு வேணும், அதுக்கு இன்குபேட்டர்னு சொல்ற முட்டை பொரிக்கற மெஷின்தான் சரி. ஃபேன் இருக்கற மெஷின்ல 37.5 டிகிரி, ஃபேன் இல்லாததுல முட்டையோட மேல்மட்டத்துல 38.5 டிகிரி பக்கம். மெஷின்லயே வர்ற டிஸ்ப்ளேவை கண்ணை மூடிட்டு நம்பாதீங்க, காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டரை உள்ள வெச்சு ஒத்துப் பாருங்க, அரை டிகிரி தப்பிருந்தாலே பொரிப்பு அடி வாங்கும். முதல் 18 நாள் ஈரப்பதம் 45லேருந்து 55 சதவீதம், ஒரு நாளைக்கு மூணு இல்ல அஞ்சு தடவை முட்டையைத் திருப்பணும், 18வது நாள் திருப்பறதை நிறுத்திட்டு ஈரப்பதத்தை 65, 70க்கு ஏத்திட்டு மூடினா மூடினதுதான், சும்மா சும்மா தெறந்து பாக்கக்கூடாது. 7வது நாள் டார்ச் அடிச்சுப் பாத்து கூமுட்டையைத் தூக்கிடுங்க. குஞ்சுங்க 19, 20 நாள்லயே மொத்தமா வந்துட்டா சூடு ஜாஸ்தி, 22 தாண்டி இழுத்தா சூடு கம்மின்னு அர்த்தம், அடுத்த தடவை அதை வெச்சு மாத்திக்கங்க. ஓட்டை உடைச்சு உதவி பண்ற பழக்கம் வேணாம், தானா வெளிய வர முடியாத குஞ்சை வம்சத்துல சேர்த்தா அந்த பலவீனமும் கூடவே சேரும்.

பொரிச்ச குஞ்சுங்களை லைட் போட்டு சூடா வெக்கற இடம்தான் புரூடர், அதுல முதல் வாரம் 32லேருந்து 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி மாதிரி குறைச்சுட்டே வரணும். நம்பரை விட குஞ்சையே பாருங்க, லைட்டுக்கு அடில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னு கத்துச்சுன்னா குளிருது, ஓரமா ஒதுங்கி வாயைத் தெறந்து மூச்சு வாங்குச்சுன்னா சூடு, பரவலா படுத்தும் தின்னும் இருந்தா சரியா இருக்கு. லைட்டை வயரை மட்டும் நம்பித் தொங்க விடாதீங்க, கூட ஒரு செயினும் போட்டுக் கட்டுங்க, கீழ இருக்கறதெல்லாம் தீப்பிடிக்கற சமாச்சாரம். தரைல வெறும் நியூஸ்பேப்பர் மட்டும் போட்டா வழுக்கி கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சுடும், கனமான குஞ்சுக்கு இது இன்னும் மோசம், மரச்சீவல் போடுங்க. தண்ணித் தட்டுல கூழாங்கல் போட்டு வெச்சா குஞ்சு விழுந்து சாகாது.

இப்போ தீவனம். முதல் ரெண்டு மாசம்தான் உடம்புக் கூடு உருவாகற காலம், அப்போ 20லேருந்து 22 சதவீதம் புரோட்டீன் இருக்கற ஸ்டார்ட்டர் தீவனம் குடுத்தே ஆகணும். வெறும் மக்காச்சோளமும் சோறும் போட்டு வளர்க்கறவங்க இங்கதான் கோட்டை விடறாங்க, மக்காச்சோளத்துல புரோட்டீன் 8, 9 சதவீதம்தான், வயிறு நிறையும், கோழி வளராது. கால் விரல் உள்பக்கமா மடங்கிப் போய் குஞ்சு நொண்டுச்சுன்னா பி2 வைட்டமின் குறைச்சலா இருக்கலாம், அதையும் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் 16, 18 சதவீதம் புரோட்டீன் இருக்கற குரோவர் தீவனத்துக்கு மாறலாம், மேய்ச்சலுக்கு விடலாம், தானியம் கொஞ்சம் சேர்க்கலாம். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் குஞ்சுக்குப் போடவே போடாதீங்க, அதுல இருக்கற கால்சியம் குஞ்சோட சிறுநீரகத்தைக் கெடுத்துடும். தண்ணி, தின்ற தீவன எடைல ரெண்டு மடங்கு மாதிரி குடிக்கும், வெயில் காலத்துல இன்னும் மேல, அதனால தண்ணி தீர்ந்து கிடந்த நாள் வளர்ச்சியும் நின்ன நாள்தான்.

பிராய்லர் வெச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒண்ணு, முதல் ஒண்ணு ரெண்டு வாரம் தாண்டினதும் ராத்திரி 12 மணி நேரம் தீவனத்தை எடுத்துடுங்க, தண்ணி இருக்கட்டும். நாள் பூரா தின்ன விட்டா உடம்பு ஏறற வேகத்துக்கு காலும் இதயமும் தாங்காது, நல்லா நின்னுட்டிருந்த கோழி திடீர்னு மல்லாந்து செத்துக் கிடக்கும். எட்டு வாரம், மிஞ்சிப் போனா பத்து வாரம், அதுக்கு மேல வெச்சுப் பெருசாக்கலாம்னு இழுத்தா நஷ்டம்தான்.

அடுத்தது எடை போடறதும் பொறுக்கறதும். இதுக்குத்தான் இவ்வளவு பாடு. பொரிச்சதுமே ஒவ்வொண்ணுக்கும் கால்ல நம்பர் வளையம் போடுங்க, கலர் கேபிள் டை போட்டாலும் சரி, ஆனா வாராவாரம் தளர்த்தி மாத்தணும், மறந்தா கால் வளர்ந்து சதைக்குள்ள இறங்கிடும். 8வது வாரம் ஒரு நாள் காலைல தீவனம் வெக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா ஒரு பையில போட்டு தொங்கற தராசுல எடை பாத்து நோட்டுல எழுதுங்க. ஒரே நாள் பொரிச்சதை மட்டும்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும், சேவலையும் பெட்டையையும் தனித்தனி லிஸ்ட்டா போடணும், ஏன்னா சேவல் எப்படியும் கனமாத்தான் இருக்கும். லிஸ்ட்ல கீழ்ப் பாதி கறிக்கு. மேல் பாதியை 16வது வாரம் மறுபடி எடை பாத்துட்டு கையால தடவிப் பாக்கணும். நெஞ்செலும்பு நேரா நீளமா இருக்கா, ரெண்டு பக்கமும் சதை மேடா இருக்கா இல்ல கத்தி மாதிரி எலும்பு துருத்துதா, முன்னாடி நின்னு பாத்தா ரெண்டு காலுக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருக்கா, முதுகு அகலமா வால் வரைக்கும் போகுதா, இதெல்லாம் பாருங்க. முட்டி ஒண்ணோட ஒண்ணு இடிக்கற கோழி எவ்வளவு எடை இருந்தாலும் வேணாம்.

சேவல்ல பத்துல ஒண்ணு நிறுத்தினா போதும், பெட்டைல அவ்வளவு கறாரா இருக்க முடியாது, எண்ணிக்கை வேணுமே. அதனாலதான் வருஷத்துக்கு முப்பது நாப்பது குஞ்சாவது பொரிக்கணும்னு சொல்றேன், எட்டுக் குஞ்சுல பொறுக்கறதுக்கு என்ன இருக்கு? உடல் எடை நல்லாவே வாரிசுக்கு இறங்கற குணம், அதனால சில தலைமுறையிலயே கண்ணுக்குத் தெரியற மாதிரி மாற்றம் வரும். ஆனா எடையை மட்டும் துரத்தினா முட்டையும் கரு பிடிக்கறதும் குறையும், ரெண்டும் எதிரெதிரா இழுக்கும், அதனால பெட்டைல எடை நல்லா இருந்து முட்டையும் ஒழுங்கா வெக்கறதைத்தான் நிறுத்தணும். அப்புறம் ஒரே ரத்தம் சேராம இருக்க, கோழிகளை மூணு குடும்பமா பிரிச்சு வைங்க, முதல் குடும்பத்துச் சேவல்குஞ்சு வளர்ந்ததும் ரெண்டாவதுக்கு, ரெண்டாவதோடது மூணாவதுக்கு, மூணாவதோடது முதலுக்கு, பெட்டைங்க பொறந்த குடும்பத்துலயே இருக்கும். இப்படிச் சுத்தி விட்டா வெளிலேருந்து சேவல் வாங்காமலே ரொம்ப வருஷம் ஓட்டலாம்.

நோய் விஷயத்துல ரெண்டு மட்டும் சொல்றேன். மூணாவது வாரத்துலேருந்து ஆறாவது வாரம் வரைக்கும் ரத்தக்கழிச்சல் ஜாஸ்தி வரும், இறகு சிலிர்த்துக் குந்திகிட்டு எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா அன்னிக்கே மருந்து குடுக்கணும், ஆம்புரோலியம் தண்ணில கலந்து குடுக்கறதுதான் வழக்கம், அளவு பாக்கெட்ல இருக்கற மாதிரி. தரைல போட்ட மரச்சீவல் கூளம் ஈரமா இருந்தா இந்த நோய் சுலபமா பரவும், கூளத்தை ஒரு பிடி எடுத்து அமுக்குங்க, உருண்டையா நின்னா ஈரம் ஜாஸ்தி, லேசா ஒட்டி உதிர்ந்தா சரி. வெள்ளைக் கழிச்சலுக்கு வந்த பிறகு மருந்து கிடையாது, தடுப்பூசிதான், உங்க பக்கத்து கால்நடை டாக்டர்கிட்ட அட்டவணை கேட்டு அதும்படி போடுங்க. வெளிலேருந்து வாங்கின கோழியை ஒரு மாசம் தனியா வெச்சுட்டுத்தான் உள்ள சேர்க்கணும்.

அறுக்கறதுக்கு முன்னாடி 8லேருந்து 12 மணி நேரம் தீவனம் வெக்காதீங்க, தண்ணி மட்டும், குடல் காலியா இருந்தா சுத்தம் பண்றது சுலபம். மருந்து குடுத்திருந்தா லேபிள்ல எத்தனை நாள் கழிச்சு சாப்பிடலாம்னு போட்டிருக்கும், அதைத் தாண்டினதுக்கு அப்புறம்தான். இந்தப் பெரிய இனம் எல்லாம் பிராய்லர் மாதிரி உடனே போட்டு வறுத்தா ரப்பர் மாதிரி இருக்கும், அறுத்த கறியை ஒரு நாள் ஃபிரிட்ஜ்ல வெச்சு விறைப்பு இறங்கின பிறகு சமைங்க, ஆறு மாசம் தாண்டின சேவல்னா சின்ன தீயில ரொம்ப நேரம் வேகணும். அறுக்கறதுக்குக் கூண்டுல கை விடறதுக்கு முன்னாடி நோட்டை எடுத்து கால் நம்பரை ஒரு தடவை பாத்துடுங்க, லிஸ்ட்ல மேல இருக்கறது அவசரத்துல சட்டிக்குப் போயிடக்கூடாது.