ஜீப் 60-ல் அதிருதா? பினியன் கோணத்தைப் பாருங்க

பின்பக்கம் உயரட்டும்னு பட்டை ஸ்பிரிங்குக்கு நீள ஷாக்கிள் (பட்டை முனையைச் சேஸியோடு இணைக்கும் தொங்கல்) போட்ட பிறகு என் பழைய ஜீப் காரைக்குடி - தேவகோட்டை ரோட்டில் 60 கி.மீ. வேகத்தைத் தொட்டாலே சீட்டோடு சேர்த்து அதிர்ந்தது. வீல் பேலன்ஸ் பார்த்தாச்சு, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டான கிராஸிலும் ஆட்டம் இல்லை. கோளாறு பினியன் கோணத்தில், அதாவது அந்த ஷாஃப்ட் வந்து சேரும் பின் அச்சின் மூக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில்.

அளப்பது சுலபம். ஜாக்கியில் தூக்கி ஹவுசிங்கை (பின் அச்சின் கூடு) தொங்கவிட்டு அளக்காதீர்கள், வண்டி எடை நான்கு டயரிலும் இருக்க வேண்டும். செல்போன் கோணமானி போதும். கியர்பாக்ஸ் பின்முனை ஃபிளாஞ்ச் (ஷாஃப்டைப் பூட்டும் தட்டு), பினியன் ஃபிளாஞ்ச் இரண்டிலும் வைத்துப் பாருங்கள், தரை கொஞ்சம் வாட்டமாக இருந்தாலும் (நம்ம ஊர் வீதியில் எங்கே மட்டம்!) வண்டியை நகர்த்தாத வரை பரவாயில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் உள்ள ஷாஃப்டில் அந்த இரண்டு ஃபிளாஞ்சும் இணையாக இருக்க வேண்டும். எனக்கு கியர்பாக்ஸ் பின்னோக்கி 4 டிகிரி சரிவு, பினியன் மூக்கோ இணையான 4-க்குப் பதில் 7 டிகிரி மேலே. பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பினியன் மேலே எழும்பும், அதனால் 1 டிகிரி கீழே விட்டு 3-க்குக் கொண்டுவந்தேன். அதற்கு 4 டிகிரி ஆப்புத் தகடு, பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில், பட்டை ஹவுசிங்குக்கு மேலே உள்ள வண்டி என்பதால் கெட்டி முனை முன்னால். இரும்புத் தகடே வாங்குங்கள், அலுமினியம் நசுங்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை ஹவுசிங்கோடு பிடிக்கும் யு போல்ட்டை மறுபடி முறுக்கிவிடுங்கள்.