சர்வதேச உறவுகள் படிப்பு: போட்ட காசு திரும்புமா என்று கணக்குப் பார்ப்பது எப்படி?

அக்கா மகளுக்கு லண்டனில் சர்வதேச உறவுகள் முதுகலைப் படிப்புக்கு அட்மிஷன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" நியாயமான கேள்வி, ஆனால் அதை இன்னும் கொஞ்சம் குடைந்து கேட்க வேண்டும். எந்த நாட்டில், எந்த வேலைக்கு, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறவரை எடுப்பார்கள்? இதற்காக நானும் அவளும் ஒரு நோட்டோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தோம். அதே வரிசையில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதல் வேலை, உங்களுக்குப் பிடித்த பத்து வேலை விளம்பரங்களைத் தேடி எடுங்கள். எடுத்ததும் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், குடியுரிமை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இந்தப் படிப்புக்கு நேர் பொருத்தமான வேலைகளில் பெரும் பகுதி அரசாங்கத்திடம்தான் இருக்கிறது, எந்த அரசாங்கமும் தன் வெளியுறவுத் துறையை வெளிநாட்டுக்காரர் கையில் கொடுக்காது. பிரிட்டன் வெளியுறவு அலுவலகத்தின் தூதரகப் பணிக்கு பிரிட்டன் குடியுரிமை வேண்டும், அமெரிக்கத் தூதரகப் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கூடவே படிக்கும் லண்டன் பெண்ணுக்கு இந்தப் பட்டம் திறந்துவிடும் கதவு உங்களுக்குப் பூட்டியே இருக்கும், ஆனால் கட்டணம் மட்டும் அவளைவிட உங்களுக்குத்தான் அதிகம். எங்கள் பத்து விளம்பரங்களில் நான்கு இந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போயின.

சரி, ஐ.நா. இருக்கிறதே என்பார்கள். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ தங்கும் செலவும் உங்களுடையதே, அதனால் அதையும் படிப்புச் செலவில் சேர்த்து எழுதுங்கள். இளம் வல்லுநர்களுக்கான தேர்வை 32 வயதுக்குள் எழுத வேண்டும், அதுவும் அந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் நாடு இருந்தால்தான்.

இந்திய வெளியுறவுப் பணிதான் கனவு என்றால் நன்றாக யோசியுங்கள். யூ.பி.எஸ்.சி. தேர்வுக்கு ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் போதும். இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையில் பெரிய பெயரான, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் மாநிலக் கல்லூரியில் படித்தது வேதியியல். அதன் இரண்டாம் கட்டமான மெயின்ஸில் அரசியல் அறிவியலையும் சர்வதேச உறவுகளையும் விருப்பப் பாடமாக எடுத்தால் அது 1,750 மதிப்பெண்ணில் 500, அதற்குப் படிப்பு கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் அந்த 500க்காக லண்டன் வரை கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை.

இப்போது கடன். இங்கேதான் வீட்டுக்கு வீடு தப்புக் கணக்குப் போடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, திருப்பிக் கட்ட 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைன் கணக்கில் மாதத் தவணை சுமார் 41,300 என்று வரும், பார்த்ததும் சமாளித்துவிடலாம் போலத் தெரியும். ஆனால் படிக்கும் ஓராண்டும் அதற்கப்புறம் கிடைக்கும் ஓராண்டு அவகாசமும் வட்டிக்கு விடுமுறை இல்லை. முழுத் தொகையும் முதலிலேயே எடுத்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுக்கே 6.6 லட்சம் ஏறிவிடும். அதைக் கட்டாமல் விட்டால் அசல் 36.6 லட்சம், தவணை 50,400க்குப் பக்கம், கட்டி முடிக்கும்போது 60 லட்சத்தைத் தாண்டியிருக்கும். 7ஆவது ஊதியக் குழுவின்படி வெளியுறவுப் பணியில் சேர்கிறவரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 56,100 தான். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கிடைக்கும் கழிவை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அது பழைய வரி முறையில் மட்டும்தான் கிடைக்கும்.

அப்புறம் வேலையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இழக்கும் சம்பளத்தையும் எழுத வேண்டும், அதை யாரும் எழுதுவதில்லை.

பவுண்டில் சம்பாதித்தால் சீக்கிரம் அடைத்துவிடலாமே என்று அக்கா மகள் கேட்டாள். முடியும், வேலை கிடைத்து விசாவும் கிடைத்தால். படிப்பு முடிந்து தங்கி வேலை தேடும் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதன் பிறகும் அங்கேயே இருக்க ஸ்கில்டு ஒர்க்கர் விசா, அதாவது திறன் பணியாளர் விசா வேண்டும், அதற்குப் பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டும், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400. ஆய்வு மையங்கள், தொண்டு நிறுவனங்களின் ஆரம்பநிலை விளம்பரங்களில் போட்டிருக்கும் சம்பளத்தை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மனசு கனத்தாலும் பாருங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். "எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேர் வேலையில்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தக் கணக்கெடுப்புக்கு எத்தனை பேர் பதில் சொன்னார்கள், அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், முழுநேர வேலை எத்தனை என்று நேராகக் கேளுங்கள். லிங்க்ட்இன்னில் அதே படிப்பை மூன்று ஆண்டுக்கு முன் முடித்த இந்தியர்களைத் தேடி இரண்டு பேரிடமாவது பேசுங்கள். பெரும்பாலும் மனம் திறந்து பேசுவார்கள்.

இந்தப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கு மிகவும் பிடித்த துறை இது. அதே பாடத்தை டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளியில் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் படிப்புக் கட்டணத்தில் படிக்கலாம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, இரண்டுக்கும் சி.யூ.இ.டி. பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு. பட்டத்தோடு காசு கொண்டுவரும் இன்னொரு திறமையையும் ஒட்டவைப்பது முக்கியம். பிரெஞ்சு ஐ.நா.வின் ஆறு அதிகாரப்பூர்வ மொழிகளில் ஒன்று, சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸில் கற்றுக்கொள்ளலாம். புள்ளிவிவரமும் எக்செலும் தெரிந்தால் இன்னும் நல்லது. பலருக்குத் தெரியாத இன்னொரு இடம், சென்னையில் இருக்கும் வெளிநாட்டு வங்கிகளின் அலுவலகங்கள். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு பொருளாதாரத் தடைப் பட்டியல்கள் நீண்டுகொண்டே போகின்றன, எந்த வாடிக்கையாளர், எந்தக் கப்பல், எந்தக் கம்பெனி அந்தப் பட்டியலில் சிக்குகிறது என்று சரிபார்க்க வங்கிகளுக்கு ஆள் வேண்டும். உலக அரசியல் தெரிந்தவருக்கு அது நேரடியாகச் சம்பளமாகும் இடம்.

அக்கா மகள் இப்போது அப்படி ஒரு வேலைக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறாள். வேலை அனுபவம் இன்னொரு விதத்திலும் உதவும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கட்டணம், தங்கும் செலவு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதற்கு 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் ஊர் திரும்பி 2 ஆண்டு இருக்க வேண்டும். லண்டன் இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று முன்பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பே எழுதிக் கேட்டுவிட்டாள், பதில் இன்னும் வரவில்லை.