சாலையில் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் திரும்பத் திரும்ப இறங்கினால்

மூடிய பள்ளம் முதல் மழையிலேயே இறங்கினால் மேலே போட்ட தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோண்டிய மண்ணை ஒரே மூச்சில் கொட்டி, மேலே மட்டும் இறுக்கியிருப்பார்கள். மண்ணை அதிர்த்து இறுக்கும் சின்ன பிளேட் காம்பாக்டரின் அதிர்வு ஒரு சாணுக்குக் கீழே அவ்வளவாகப் போகாது.

நான் செய்வது: இறங்கிய பகுதிக்கு இருபுறமும் 15 செ.மீ. தள்ளி கட்டரால் நேராக அறுத்து, தளர்ந்த மண் முழுவதையும் எடுத்துவிடுவேன். குழாயைச் சுற்றி மணல். அதற்கு மேல் கிராவல், 15 செ.மீ. அடுக்குகளாக, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கி. ஈரத்தைக் கையில் பிடித்தே பார்க்கலாம்: உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அறுத்த ஓரங்களில் தார் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பூசாமல் தார்க் கலவை போட்டால் அந்த இணைப்பு வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இதற்கெல்லாம் முன்னால், தோண்ட அனுமதி கொடுத்த பதிவேட்டைப் புரட்டுங்கள். தோண்டிய நிறுவனத்தின் பொறுப்புக்காலம் (பழுதானால் அவர்களே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியவில்லை என்றால் செலவு அவர்களுடையது. பள்ளத்தின் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்து, நடுவில் ஸ்கேல் நிறுத்தி ஆழம் தெரியும்படி படம் எடுத்து, அனுமதி எண்ணோடு நோட்டீஸ் அனுப்புங்கள். அவசரத்தில் நாமே ஒரு கூடை ஜல்லி போட்டுவிட்டால், "நீங்கள் கை வைத்த இடம்" என்று கழன்றுகொள்வார்கள்.