வீட்டு கரண்ட்ல த்ரீ பேஸ் லேத்: பலரும் சறுக்குற இடங்க

பழைய லேத் (இரும்பு கடையற மெஷின்) ஒண்ணு சல்லிசா கிடைச்சுதேன்னு வாங்கி கார் ஷெட்ல இறக்கின பிறகுதான் மோட்டார் நேம் பிளேட்ட குனிஞ்சு பாக்கவே தோணும். எனக்கும் அப்படித்தான். 2 ஹெச்பி, 415 வோல்ட், த்ரீ பேஸ்னு இருந்துச்சு. வீட்ல இருக்கறதோ சிங்கிள் பேஸ் 230. சரி, சிங்கிள் பேஸ வாங்கி த்ரீ பேஸா மாத்தி மோட்டாருக்கு குடுக்கற விஎஃப்டி டிரைவ் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடிஞ்சது டிரைவ்தான்.

லேத்துல ஃபார்வர்டு ரிவர்ஸ்க்கு ஒரு பழைய டிரம் சுவிட்ச் இருந்துச்சு, நல்லாத்தானே இருக்குன்னு அத டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல அப்படியே விட்டுட்டேன். மூணு நாள் ஓடுச்சு. நாலாவது நாள் சுத்திக்கிட்டு இருக்கறப்பவே லீவர ரிவர்ஸ்க்கு தள்ளினேன், டப்புன்னு ஒரு சத்தம், டிஸ்ப்ளே அணைஞ்சுது, லேசா கருகின வாடை. ஓடிட்டு இருக்கற மோட்டார நடுவுல வெட்டி திருப்பி சேத்தா அந்த அதிர்ச்சி மொத்தமும் டிரைவ் உள்ள கரண்ட்ட சுவிட்ச் பண்ற ஐஜிபிடிங்கற பார்ட் மேலதான் விழும். டிரைவோட அவுட்புட் ஒயருங்க யூ, வி, டபிள்யூ மூணும் நேரா மோட்டாருக்கு போகணும், நடுவுல சுவிட்ச், கான்டாக்டர், ஸ்டார்டர் எதுவும் கூடாது. பழைய லீவர தூக்கிப் போட வேணாம், அதோட கான்டாக்ட்ட மெயின் ஒயர்லருந்து கழட்டி டிரைவ்ல ஃபார்வர்டு ரிவர்ஸ்க்குன்னு இருக்கற சின்ன கன்ட்ரோல் டெர்மினல்ல குடுத்தா போதும், கைக்கு பழகின லீவராலயே ஓட்டலாம்.

அடுத்தது எல்லாரும் கேக்கறது, "டிரைவ் போட்டேன், மோட்டார் சுத்துது, ஆனா கட் குடுத்தா நின்னுடுது". பத்துக்கு எட்டு பேர் மோட்டார ஸ்டார்லயே (மூணு காயிலோட ஒரு முனைய ஒண்ணா சேத்து கட்டறது) விட்டுருப்பாங்க. நம்ம ஊர்ல 2 ஹெச்பி வரைக்கும் உள்ள மோட்டாருங்க பெரும்பாலும் 415க்கு ஸ்டார் கனெக்‌ஷன்லதான் வரும். சிங்கிள் பேஸ் குடுக்கற சாதா டிரைவ் வெளிய விடறது 230 வோல்ட் த்ரீ பேஸ், அதுக்கு மேல ஏறாது. ஸ்டார்ல இருந்தா ஒவ்வொரு காயிலுக்கும் 133 வோல்ட்தான் கிடைக்கும், இழுவை மூணுல ஒரு பங்கா விழுந்துடும். டெர்மினல் பாக்ஸ தொறந்தா ஆறு போல்ட் இருக்கும், ஒரு பக்கம் மூணையும் சேத்து பித்தளை பட்டி போட்டிருந்தா அது ஸ்டார். அந்த பட்டிய கழட்டி எதிரெதிர் போல்ட்டா மூணு ஜோடி சேத்தா டெல்டா, ஒவ்வொரு காயிலுக்கும் முழு 230ம் கிடைக்கும். மாத்தினதும் ஆம்ப்ஸும் மாறும்: பிளேட்ல 3.4ன்னு போட்டிருந்தா டெல்டால கிட்டத்தட்ட 5.9, டிரைவ் செட்டிங்ல அதத்தான் போடணும், பழசையே விட்டுட்டா சும்மா சும்மா ஓவர்லோடுன்னு டிரிப் ஆகும்.

பாக்ஸ தொறந்தா மூணே ஒயர்தான் வருதுன்னா ஸ்டார் ஜாயின்ட் காயிலுக்குள்ளயே புதைஞ்சிருக்கு. அத நீங்களா நோண்டாதீங்க, காயில் கட்டுறவர்கிட்ட குடுத்தா ஆறு முனையையும் வெளிய எடுத்து தருவார். 5 ஹெச்பி, அதுக்கு மேலன்னா பெரும்பாலும் 415க்கே டெல்டால இருக்கும், இந்த வித்தை அங்க செல்லாது.

தோட்டத்துல டூ பேஸ்ல பம்ப் ஓட்ட கெப்பாசிட்டர் வைக்கிறாங்களே, அத லேத்துக்கு வெச்சா என்னன்னு கேப்பாங்க. ஓடும். ஆனா பம்புக்கு லோடு ஒரே சீரா இருக்கும், அதுக்கு ஏத்த கெப்பாசிட்டர் ஒண்ண பாத்து வெச்சுடலாம், லேத்ல ஒரு நிமிஷம் சும்மா சுத்தும் அடுத்த நிமிஷம் ஆழமா கட் எடுப்பீங்க, மூணு காயிலுக்கும் கரண்ட் சமமா போகாம ஒண்ணு மட்டும் சூடாகிட்டே இருக்கும்.

இப்ப உயிர் விஷயம். டிரைவ ஆன் பண்ணினதும் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன வெட்டற சுவிட்ச்) விழுதுன்னு எர்த்த கழட்டி விடற ஆளுங்கள என் கண்ணால பாத்திருக்கேன். டிரைவ்ல இருக்கற ஃபில்டர் கொஞ்சம் கரண்ட்ட எர்த்துக்கு கசிய விடும், அதான் விழுது. எர்த்த கழட்டினா அந்த கசிவு லேத் பாடில வந்து நிக்கும், கூலன்ட் ஈரத்தோட நீங்க கை வைப்பீங்க. டிரைவுக்கு ஏத்த டைப் ஆர்சிசிபி தனியா போட்டு தனி லைன் இழுங்க. 2 ஹெச்பி டிரைவே சிங்கிள் பேஸ்ல 14, 15 ஆம்ப்ஸ் உறிஞ்சும், 16 ஆம்ப்ஸ் சாக்கெட்ல சொருகினா கொஞ்ச நாள்ல பின் கறுக்கும். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், சி கர்வ் எம்சிபி (ஸ்டார்ட் ஆகறப்ப வர்ற இழுப்ப தாங்கற பிரேக்கர்), மீதிய டிரைவ் மேனுவல்ல பாத்துக்கலாம். ஆஃப் பண்ணின உடனே டிரைவ் மூடிய தொறக்கவும் கூடாது, உள்ள 320 வோல்ட் டிசி பக்கம் தேங்கி நிக்கும், பத்து நிமிஷம் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

திருகி மாட்டுற சக் (ஜாப்ப கவ்விப் பிடிக்கிற பாகம்) உள்ள லேத்னா டிரைவ்ல நிறுத்துற நேரத்த ஒரு செகண்டுக்கு குறைச்சு வெச்சு அழகு பாக்காதீங்க. சுத்துற வேகத்துல சக் மாட்டின ஸ்பிண்டில் தண்டு நிக்கும், சக் நிக்காது, கழண்டு வந்து பெட்ல விழும். அஞ்சாறு செகண்டு குடுங்க. மெதுவா ஓட்டணும்னு டிரைவ 10 ஹெர்ட்ஸ்ல மணிக்கணக்கா போடறதும் தப்பு, மோட்டார் ஃபேன் அதே ஷாஃப்ட்ல இருக்கறதால காத்து வராம வெந்து போகும். பெல்ட்ட மாத்துங்க, அதுக்குத்தானே புல்லில அத்தன படி வெச்சிருக்கான்.

கடைசியா ஈபி. சொந்த பொழுதுபோக்குக்கு ஓட்டறது வேற, வீட்டு சர்வீஸ்லருந்து காசுக்கு ஜாப் பண்ணி குடுக்கறது வேற. 2003 மின்சார சட்டம் 126வது பிரிவுல வேற உபயோகத்துக்கு எடுத்த கரண்ட்டுக்கு ரெண்டு மடங்கு ரேட் போடுவாங்க, எப்ப ஆரம்பிச்சீங்கன்னு தெரியலன்னா முந்தின 12 மாசத்துக்கும் சேத்து. ஜாப் எடுக்கற எண்ணம் இருந்தா டிரைவுக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி த்ரீ பேஸ் சர்வீஸுக்கு என்ன செலவாகும்னு ஈபி ஆபீஸ்ல ஒரு எட்டு போய் கேட்டுடுங்க. ரெண்டு மெஷினுக்கு மேல வாங்கப் போறீங்கன்னா அதுதான் லாபமா இருக்கும்.